"எங்கட பக்கத்தில இப்பிடி ஒருத்தரும் இல்லை": பிள்ளைகளுக்கான மரபணுப் பரிசோதனை

"டொக்டர், எங்கட ரெண்டு பக்கத்திலையும் இப்பிடி ஒருத்தரும் இல்லை."

பிள்ளையின் வளர்ச்சியில் தாமதம் தெரிகிறது, மரபணுப் பிரிவுக்கு அனுப்பிப் பார்ப்போம் என்று சொன்னவுடன் எம்மவர்களிடமிருந்து வரும் முதலாவது பதில் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது பதிலைச் சிலர் வாய்விட்டுச் சொல்வார்கள், பலர் மனதுக்குள் வைத்திருப்பார்கள்: இதை எழுத்தில் போட்டால் நாளைக்கு மூத்தவளின் கலியாணத்துக்கு இடைஞ்சல் வராதா? நான் கடிதத்தை அனுப்புவேன். பல மாதங்களின் பின் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும். அன்றைக்குப் பார்த்து வேலையில் லீவு கிடைக்காது, அல்லது வீட்டில் ஏதாவது விசேஷம் இருக்கும். பிறகு அந்தக் கதை அப்படியே நின்றுவிடும்.

இந்தத் தயக்கத்தால் நட்டப்படுவது பிள்ளைதான். சில வேளை, இன்னும் பிறக்காத அடுத்த பிள்ளையும்.

இப்பரிசோதனை பற்றி எமது சமூகத்தில் இருக்கும் பயத்தில் பாதி, அது என்னவென்று தெரியாததால் வருவது. மறுபாதி நியாயமான பயம். இரண்டையும் பற்றிக் கதைப்போம்.

பரம்பரையில் இல்லாதது எப்படி வந்தது?

எமது உடற்கலங்களில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. 23 தாயிடமிருந்து, 23 தந்தையிடமிருந்து. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது குரோமோசோம். ஊரில் உயிரியல் படித்தவர்களுக்கு நிறமூர்த்தம் என்றால்தான் விளங்கும்.) அவற்றில் புரதங்களை ஆக்குவதற்கான மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 இருக்கின்றன. ஒவ்வொரு மரபணுவையும் நீண்ட ஒரு எழுத்துக் குறிப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுத்துப் பிழை இல்லாத மனிதர் எவரும் இல்லை. பல பிழைகள் பொருளை மாற்றுவதில்லை. சில இடங்களில் ஓர் எழுத்து மாறினாலே "தலை" "தழை" ஆகிவிடும்.

பிழைகளில் ஒருவகை, பிள்ளையில் புதிதாக ஏற்படுவது. தாயிலும் இல்லை, தந்தையிலும் இல்லை. முட்டையோ விந்தோ உருவாகும்போது நேர்ந்தது. ஒவ்வொரு குழந்தையும் இப்படி 60, 70 புதிய மாற்றங்களுடன்தான் பிறக்கிறது. அநேகமானவை எந்தத் தீங்கும் செய்வதில்லை. ஒன்று முக்கியமான இடத்தில் விழுந்துவிட்டால்தான் பிரச்சினை. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் கடுமையான வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் இருக்கும் 13,000க்கும் மேற்பட்ட குடும்பங்களில் செய்யப்பட்ட ஆய்வு 2023 இல் வெளிவந்தது. அப்பிள்ளைகளில் 41 வீதமானோருக்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு அது புதிதாக ஏற்பட்ட மாற்றம். ஆகவே "எங்கட பக்கத்தில ஒருத்தரும் இல்லை" என்பது பரிசோதனை வேண்டாம் என்பதற்கான காரணமே அல்ல. இப்பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலானோர் அதையேதான் சொல்வார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஏதும் குறை என்றால் எமது வீடுகளில் முதலில் விசாரிக்கப்படுபவள் தாய். கிரகணத்தன்று வெளியே போனாளா, அன்னாசிப்பழம் சாப்பிட்டாளா, அவளுடைய ஆட்களில் யாருக்கும் இருந்ததா? உண்மையில், புதிதாக ஏற்படும் இந்த எழுத்துப் பிழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வருவது தந்தையின் விந்திலிருந்து. தந்தையின் வயது ஒன்று கூடும்போது பிள்ளையில் ஏறக்குறைய இரண்டு மாற்றங்கள் கூடும் என்று ஐஸ்லாந்தில் செய்யப்பட்ட ஆய்வு 2012 இல் காட்டியது. விந்தை உண்டாக்கும் கலங்கள் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருப்பதுதான் காரணம். இதனால் தகப்பன்மாரைக் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. ஆனால் மாமிமார் அறிந்து வைத்திருப்பது நல்லது.

இன்னொரு வகையில், தாய் தந்தை இருவரும் முழு ஆரோக்கியமாக இருப்பார்கள். இருவரிடமும் ஒரே மரபணுவின் ஒரு பிரதி பழுதாக இருக்கும். மற்றப் பிரதி வேலை செய்வதால் ஒன்றும் தெரியாது. இரண்டு பழுதான பிரதிகளும் ஒரு பிள்ளையில் சேர்ந்துவிட்டால் நோய் வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. தலசீமியா எமக்கு நெருக்கமான உதாரணம். இலங்கையில் ஏறக்குறைய 100க்கு இரண்டு பேர் பீற்றா தலசீமியாவை நோயின்றிக் காவுகிறார்கள். சாதாரண குருதிப் பரிசோதனையில் அவர்களின் செங்கலங்கள் சிறியனவாகத் தெரியும். "இரும்புச்சத்துக் குறைவு" என்று வருடக்கணக்காகக் குளிசை போட்டு வருபவர்களும் அவர்களில் உண்டு. உடலில் இரும்புச்சத்து போதுமானதாக இருந்தும் செங்கலங்கள் சிறியனவாக இருந்தால், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனையைச் செய்யும்படி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். சாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாங்கள் பதினோராவதாக இதையும் பார்த்தால் ஒரு கெடுதலும் இல்லை.

சொந்தத்துக்குள் திருமணம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மச்சான் மச்சாளை முடிப்பது எமது வழக்கத்தில் உண்டு. தமிழ்நாட்டில் சில குடும்பங்களில் தாய்மாமனையும் முடிப்பார்கள். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறைபாடுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 100க்கு 3 அளவில் உண்டு. சொந்த மச்சான் மச்சாளுக்கு அது 5 அல்லது 6 ஆகலாம். அதாவது 100க்கு 94 பிள்ளைகள் நலமாகவே பிறப்பார்கள். இதை வைத்து யாரையும் பயமுறுத்துவது சரியல்ல, வைத்தியரிடம் மறைப்பதும் சரியல்ல. "நீங்கள் சொந்தமா?" என்று கேட்பது குற்றம் பிடிக்க அல்ல, எந்த வகை நோயை முதலில் தேடுவது என்று தீர்மானிக்க.

"சொந்தம் இல்லை, ஒரே ஊர்தான்" என்று பதில் சொல்பவர்கள் உண்டு. அதையும் சொல்லுங்கள். பல தலைமுறைகளாக ஒரே வட்டத்துக்குள் முடித்து வந்த சமூகங்களில், தெரியாமலே ஒரே மூதாதையின் பழுதான பிரதி இருவரிடமும் இருக்கலாம். தென்னாசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்ட ஆய்வில், 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிலிருந்து பெருகியவை என்பதற்கான அடையாளம் பின்லாந்து மக்களை விடவும் வலுவாகத் தெரிந்தது.

மூன்றாவது வகையில் தாய் காவியாக இருக்க, நோய் ஆண் பிள்ளைக்கு வரும். டுஷென் தசைநோய் அப்படியானது. ஆண் குழந்தை 18 மாதமாகியும் நடக்கவில்லை, அல்லது நிலத்தில் இருந்து எழும்பும்போது தன் தொடையில் கையை ஊன்றி ஏறுவதுபோல் எழும்புகிறான் என்றால், "தகப்பனும் பிந்தித்தான் நடந்தவர்" என்று விட்டுவிடாதீர்கள். சி.கே. என்ற சாதாரண குருதிப் பரிசோதனை ஒன்றிலேயே சந்தேகம் பெருமளவு தெளிந்துவிடும்.

எல்லாக் குறைபாடுகளும் மரபணுவால் வருவதல்ல என்பதையும் மறக்கக்கூடாது. கர்ப்பமாகும்போதே நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாமல் இருப்பது, ருபெல்லா, மதுபானம், குறைமாதப் பிறப்பு எனப் பல காரணங்கள் உண்டு. கனடாவில் 1998 முதல் வெள்ளைக் கோதுமை மாவில் போலிக் அசிட் சேர்க்கப்படுகிறது. அதன் பின் முள்ளந்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மூன்று நேரமும் சோறு சாப்பிடுபவர்களுக்கு அந்த மாவினால் பயன் குறைவு. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் கர்ப்பமாவதற்கு முன்பே போலிக் அசிட் குளிசையைத் தொடங்க வேண்டும்.

பிறக்குமுன்னும் பிறந்த உடனும்

பிறந்த குழந்தையின் குதிக்காலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தம் ஒட்டாவாவில் உள்ள சியோ சிறுவர் மருத்துவமனைக்குப் போகிறது. ஒன்ராறியோ முழுவதற்குமான பரிசோதனை 2006 முதல் அங்கேதான் நடக்கிறது. 25க்கும் மேற்பட்ட அரிய நோய்களைத் தேடுகிறார்கள். 2020 இல் முள்ளந்தண்டு நரம்புகளைத் தாக்கித் தசைகளை நலியச் செய்யும் எஸ்.எம்.ஏ. நோயும் சேர்க்கப்பட்டது. அறிகுறி தெரியுமுன் மருந்து கொடுத்தால் எழுந்து நடக்கக்கூடிய பிள்ளை, தெரிந்த பின் கொடுத்தால் நடக்காமல் போகலாம். அங்கிருந்து அழைப்பு வந்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. மறுபரிசோதனையில் பல பிள்ளைகளுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் தெரியாத இலக்கம் என்று போனை எடுக்காமல் மட்டும் விடாதீர்கள்.

கர்ப்ப காலத்தில் 11 வாரத்திலிருந்து 14 வாரம் நிறைவதற்குள் ஸ்கானும் குருதியும் சேர்ந்த பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. இதில் முக்கியமாகத் தேடப்படுவது டவுண் சின்ட்ரோம். 1866 இல் லாங்டன் டவுண் விபரித்த இந்நிலைக்குக் காரணம் 21ஆம் நிறமூர்த்தம் மூன்றாக இருப்பது என்று பாரிசில் ஜெரோம் லெஜூன் குழுவினர் 1959 இல் கண்டார்கள். இங்கே தாயின் வயது முக்கியம்: 35 வயதில் ஏறக்குறைய 350க்கு ஒன்று, 40 வயதில் 100க்கு ஒன்று. தாயின் குருதியில் கலந்திருக்கும் குழந்தையின் டி.என்.ஏ.யைப் பார்க்கும் பரிசோதனை இன்னும் துல்லியமானது. பிரசவத்தின்போது 40 வயதாகியிருக்கும் தாய்மாருக்கும் வேறு சில காரணங்கள் உள்ளவர்களுக்கும் ஓஹிப் அதற்குப் பணம் கொடுக்கிறது. மற்றவர்கள் தாமே கட்ட வேண்டும். எதுவானாலும் இவை வாய்ப்பைச் சொல்லும் பரிசோதனைகள்தான். உறுதியாக அறிய நஞ்சுக்கொடியிலிருந்தோ பன்னீர்க்குடத்து நீரிலிருந்தோ மாதிரி எடுக்க வேண்டும்.

"நாங்கள் கலைக்கமாட்டோம், பிறகு எதற்குப் பரிசோதனை?" என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. அது அவர்களின் உரிமை. வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்த முடியாது. ஆனால் டவுண் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு இருதயத்தில் குறை இருக்கும். முன்கூட்டித் தெரிந்தால் எந்த மருத்துவமனையில் பிரசவம் வைப்பது என்று ஆயத்தம் செய்யலாம்.

பிள்ளை வளரும்போது

நான் யாழ்ப்பாணத்தில் படித்த 1990களில் நிறமூர்த்தப் பரிசோதனை என்பது புத்தகத்தில் இருந்த ஒரு படம். கொழும்பு மருத்துவ பீடத்தில் 1983 முதல் மரபணுப் பிரிவு இருந்தது. ஆனால் கிளாலியில் வள்ளமேறித் தாண்டிக்குளம் கடந்து ஆட்கள் போய்ச் சேருவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் குருதிக் குழாய் எப்படிப் போகும்? இன்றைக்கு நாங்கள் குடியிருக்கும் ரொறன்ரோ, இத்துறையில் உலகம் அறிந்த நகரங்களில் ஒன்று. சிக் கிட்ஸ் மருத்துவமனையில் லாப்-சீ சூயியும் ஜாக் றியோர்டனும் அமெரிக்காவின் பிரான்சிஸ் கொலின்சுடன் சேர்ந்து 1989 இல் சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோயின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதே மருத்துவமனையின் ஸ்டீபன் ஷெரர் குழுவினரும் ஹார்வர்டின் சார்ல்ஸ் லீ குழுவினரும் 2004 இல், மனிதருக்கு மனிதர் டி.என்.ஏ.யின் பெரிய துண்டுகளே கூடியும் குறைந்தும் இருப்பதைக் காட்டினார்கள்.

துண்டுகள் கூடியோ குறைந்தோ இருப்பதைத் தேடும் பரிசோதனைக்கு மைக்ரோ அரே என்று பெயர். காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதம், ஓட்டிசம், ஒன்றுக்கு மேற்பட்ட பிறவிக் குறைபாடுகள் உள்ள பிள்ளைகளுக்கு முதலில் இதைச் செய்யலாம் என்று 2010 முதல் பரிந்துரை உண்டு. பழைய முறையில் நிறமூர்த்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் 100க்கு 3 பிள்ளைகளுக்குத்தான் காரணம் தெரியும். இதில் 15 முதல் 20 பேருக்குத் தெரியும். அடுத்த படி, எழுத்து எழுத்தாக வாசிப்பது. சிக் கிட்ஸில் 100 பிள்ளைகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து 2016 இல் வெளியிட்ட ஆய்வில் 34 பேருக்குக் காரணம் கிடைத்தது. அதே பிள்ளைகளில் மைக்ரோ அரே மட்டும் கண்டுபிடித்தது 8 பேருக்கு. 2021 இல் சிக் கிட்ஸும் சியோவும் சேர்ந்து இவ்வாசிப்பை மாகாணத்துக்குள்ளேயே செய்யத் தொடங்கின. பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளை மூவரிடமும் மாதிரி எடுப்பார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது புதிது, எது வந்தது என்று தெரியும்.

பதில் எப்போதும் தெளிவாக இருக்காது. ஓட்டிசம் உள்ள 258 பிள்ளைகளில் இரண்டு பரிசோதனைகளும் செய்யப்பட்டவர்களுக்கு, ஏறக்குறைய 16 வீதத்தினருக்கே காரணம் தெரிந்தது என்று கனடாவில் செய்யப்பட்ட ஆய்வு 2015 இல் சொன்னது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மரபணுக் காரணம் இல்லை என்று பொருளல்ல. "மாற்றம் ஒன்று இருக்கிறது, அதன் பொருள் தெரியவில்லை" என்ற பதிலும் வரும். இது எம்மவர்களுக்குக் கூடுதலாக வருகிறது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தவருடையது. ஓரிரு வருடங்களின் பின் மீண்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புதிதாகக் குருதி எடுக்காமலே பழைய வாசிப்பைத் திரும்ப ஆராய முடியும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மரபணுப் பதில் வரும்வரை பேச்சுப் பயிற்சியையும் மற்றப் பயிற்சிகளையும் தள்ளிப் போட வேண்டாம். பாலர்களுக்கான பேச்சுப் பயிற்சித் திட்டம் ஒன்ராறியோவில் இலவசம். பெற்றோரே நேரடியாகப் பதியலாம்.

கலியாணமும் காப்புறுதியும்

மூத்தவளின் கதைக்கு வருவோம். தம்பிக்கு வந்தது புதிதாக ஏற்பட்ட மாற்றம் என்றால், அது அக்காவிடம் இல்லை. பெற்றோருக்கு அடுத்த பிள்ளையில் அது திரும்ப வரும் வாய்ப்பு ஏறக்குறைய 100க்கு ஒன்று. பரிசோதிக்காத குடும்பத்தில் "அந்தப் பக்கத்தில ஏதோ இருக்கு" என்று ஆட்கள் கதைத்துக்கொண்டே இருப்பார்கள். பரிசோதித்த குடும்பத்தில், அவளுக்கு அது இல்லை என்று சொல்லக்கூடிய அறிக்கை இருக்கும். இருவரிடமிருந்தும் வந்த நோய் என்றால், அவள் காவியாக இருந்தாலும் கணவனும் காவியாக இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரலாம். அதையும் குருதியில் பார்க்கலாம். நோயில்லாத சிறுபிள்ளைகளை வெறும் காவியா என்று அறிய இங்கே பொதுவாகப் பரிசோதிப்பதில்லை. வளர்ந்த பின் அவர்களே தீர்மானிக்கட்டும் என்று விடுவார்கள். மறைத்துக் கட்டிவைத்து, பேரப்பிள்ளைக்கும் அதே நோய் வந்த பின் இரு குடும்பமும் முகம் பார்க்காமல் போவதை விட இது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம்.

காப்புறுதி பற்றிய பயம் ஒரு காலத்தில் நியாயமானது. 2017 இல் கனடாவில் மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. காப்புறுதி நிறுவனமோ வேலை கொடுப்பவரோ மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லவோ, செய்த பரிசோதனையின் முடிவைக் காட்டச் சொல்லவோ முடியாது. மீறினால் 10 லட்சம் டொலர் வரை தண்டம், ஐந்து வருடம் வரை சிறை. இச்சட்டம் செல்லாது என்று வழக்குப் போய், 2020 யூலை 10 இல் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒன்றைக் கவனியுங்கள்: ஏற்கெனவே உள்ள நோயையும் குடும்பத்தில் இருந்த நோய்களையும் நிறுவனம் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பொய் எழுதச் சொல்லும் முகவரை நம்பாதீர்கள்.

குடிவரவு விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களுக்கு வேறொரு பயம். அகதியாக ஏற்கப்பட்டவர்களையும், குடும்ப வகையில் ஸ்பொன்சர் செய்யப்படும் கணவன், மனைவி, தங்கிவாழும் பிள்ளைகளையும் மருத்துவச் செலவு அதிகம் என்ற காரணத்தைக் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. மற்ற வகையினர் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்திப்புக்குப் போகுமுன்

மரபணு ஆலோசகர் மூன்று தலைமுறைக்குக் குடும்பப் படம் வரைவார். எம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு மாமா லண்டனில், சித்தி பாரிசில், பெரியப்பாவின் குடும்பத்தோடு பத்து வருடமாகக் கதை இல்லை. போர்க்காலத்தில் இறந்த குழந்தைகளைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. இடம்பெயர்ந்த இடத்தில் "காய்ச்சல் வந்து செத்தது" என்று சொல்லப்படும் குழந்தைக்கு உண்மையில் என்ன இருந்தது? இரண்டு வயதாகியும் இருக்கவில்லையா, வலிப்பு வந்ததா, அதே தாய்க்கு அதற்கு முன்னும் ஒன்று தவறியதா? இதெல்லாம் அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் தெரியும். கேட்பது இலகுவல்ல. ஆனாலும் சந்திப்புக்கு முதல் ஒரு நாள் ஆறுதலாக இருந்து, இரண்டு பக்கமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தவறிய கர்ப்பங்கள், சிறுவயதில் இறந்தவர்கள், காது கேளாதவர்கள், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே இருந்த மாமா, எல்லோரையும். இங்கே காரணம் கண்டுபிடிக்கப்பட்டால், யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் உங்கள் சகோதரிக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும்.

பிள்ளையின் கைக்குழந்தைப் பருவப் படங்களையும் கொண்டு போங்கள். சந்திப்பு நாள் தரும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மருத்துவமனை கட்டணமின்றி ஒழுங்கு செய்யும். ஆங்கிலம் நன்றாக வரும் என்பதற்காகப் பதினைந்து வயது மூத்தவளை மொழிபெயர்க்க அழைத்துப் போக வேண்டாம். அந்த அறையில் கேட்கப்படும் கேள்விகளில் பாதி, அவள் முன்னால் நீங்கள் பதில் சொல்ல முடியாதவை.